குற்ற எண் இல்லாம ஆளைத் தேடுறது



போன பதிவுல தரிசு உளுந்துக்கு டிஏபி கரைசல் தெளிக்கிறதப் பத்தி எழுதியிருந்தேன். அதுல சந்தேகம் கேட்டவங்களுக்கு அடுத்த வாரம் பதில் போடுறேன். இந்த வாரம் வயல் சமாச்சாரம் இல்ல, ஜெயில் சமாச்சாரம். நமக்கெதுக்கு இதுன்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க. எங்க தெருவுலயும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க.

நம்ம ஆளுங்களுக்கு நிலத்தத் தேடத் தெரியும். சர்வே நம்பர் சொன்னா போதும், பட்டா, சிட்டா, அ-பதிவேடு, வில்லங்கம் எல்லாத்தையும் செல்போன்லயே எடுத்துப் பார்த்துடுறோம். தாத்தா காலத்துல யாரு யாருக்கு எழுதி வச்சாங்கங்கறதுகூட வந்துடும். ஆனா பெத்த புள்ளய போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டா, அவன் எந்த ஊர்ல எந்தச் சிறையில இருக்கான்னு எப்படிப் பார்க்கறதுன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. வக்கீலப் பாரு, கவுன்சிலரப் பாரு, கட்சிக்காரனப் பாருன்னு சொல்லுவாங்க. அந்த அலைச்சல்லயே கையில உள்ள காசு கரைஞ்சிடும்.

எங்க வயல்ல நடவு நடுற ஒரு தங்கச்சி இருக்கு. வீட்டுக்காரர் இறந்து எட்டு வருஷமாச்சு. ஒரே பையன், 23 வயசு. ஐடிஐ முடிச்சுட்டு கொங்குப் பக்கம் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணுவான். சம்பா அறுப்பு முடியுற சமயத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போன் வரல. அடுத்த ஞாயிறும் வரல. "அண்ணே, காசு இல்லாம நம்பர் கட்டாயிருக்கும்ண்ணே, நீங்க கொஞ்சம் போட்டு விடுங்க"ன்னு காசு கொண்டாந்து கொடுத்துச்சு. நானும் அவன் நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணி விட்டேன். அப்பவும் ஸ்விட்ச் ஆஃப்புன்னே வந்துச்சு.

பதினாறாம் நாள் அவனோட ரூம்ல இருக்குற பையன் போன் பண்ணினான். பார் வாசல்ல ஏதோ அடிதடி, ஒருத்தருக்கு மண்டையில காயம், நாலு பேர வண்டியில ஏத்திட்டுப் போனாங்க, அதுல இவனும் ஒருத்தன். எந்த ஸ்டேஷன்னு தெரியாது. இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேட்டா, பயமா இருந்துச்சுங்கறான். அந்த வயசுப் புள்ளைய என்ன சொல்ல முடியும்.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல சொல்லிடுறேன். ஒருத்தர கைது பண்ணினா கைதுக் குறிப்பு எழுதணும். அதுல வீட்டு ஆளோ அந்தப் பகுதி ஆளோ சாட்சிக் கையெழுத்துப் போடணும். கைதானவர் சொல்ற சொந்தக்காரருக்கோ சிநேகிதருக்கோ சேதி சொல்லணும். 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். இதெல்லாம் சும்மா வந்துடல. மேற்கு வங்காளத்துல சட்ட உதவி வேலை பார்த்த டி.கே.பாசுங்கறவர், லாக்கப் சாவு பத்தி பேப்பர்ல வந்த செய்திகள வச்சு 1986-ல உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதாசி எழுதினார். அதையே வழக்கா எடுத்துக்கிட்டு 1996 டிசம்பர்ல தீர்ப்புச் சொன்னாங்க. அப்புறம் அது சட்டத்துலயே ஏறிடுச்சு. 2024 ஜூலை 1-லேந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவுலயும் இருக்கு. அதோட 37-வது பிரிவுப்படி ஒவ்வொரு மாவட்டத்துலயும் போலீஸ் கட்டுப்பாட்டு அறை இருக்கணும். கைதானவங்க பேர், விலாசம், என்ன குற்றம்னு வச்சிருக்க ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு அதிகாரி இருக்கணும். அந்த விவரத்த ஸ்டேஷன்லயும் மாவட்டத் தலைமையிடத்துலயும் கண்ணுல படுற மாதிரி வைக்கணும்.

சட்டம் இப்படி. தங்கச்சி வீட்டுக்கு ஒரு சேதியும் வரல. எந்த ஸ்டேஷன்னு இங்க எழுதப் போறதில்ல, அந்தப் பையனுக்கு இன்னும் அங்க வேலை இருக்கு.

நானும் எங்க ஊர் இ-சேவை மையத்துல இருக்குற பொண்ணும் உட்கார்ந்தோம். மாவட்டக் காவல்துறையோட தளத்துல ஸ்டேஷன் நம்பரெல்லாம் போட்டிருக்கு. ரூம் பையன் சொன்ன இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு முதல்ல அடிச்சோம். "அப்படி யாரும் இல்ல." வச்சுட்டாங்க. அது பொய் இல்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் எல்லை, அந்தப் பக்கம் இன்னொரு ஸ்டேஷன் எல்லை. பார் அந்தப் பக்கம்.

அடுத்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு அடிச்சோம். எடுத்தவர் தன்மையா பேசினார். பேர் என்ன, அப்பா பேர் என்ன, என்ன தேதின்னு கேட்டார். ஒரு மணி நேரம் கழிச்சு கூப்பிடுங்கன்னார். கூப்பிட்டோம். ஸ்டேஷன் பேரும் குற்ற எண்ணும் சொன்னார். ரிமாண்ட் பண்ணி கிளைச்சிறையில இருக்கான்னும் சொன்னார். நல்ல மனுஷன், அவர் பேர் தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேன்.

நிலத்துக்கு சர்வே நம்பர் எப்படியோ, ஆளத் தேடுறதுக்கு இந்தக் குற்ற எண் அப்படி. ஸ்டேஷன் பேர், குற்ற எண், வருஷம். இந்த மூணும் கையில இருந்தா பாதிக் கதவு தொறந்துடும். அமெரிக்காவுல மத்திய சிறைத்துறை தளத்துல ஒருத்தர் பேரப் போட்டா, 1982-க்கு அப்புறம் அவங்க சிறையில இருந்திருந்தா வந்துடும். எங்களுக்கு அந்த மாதிரி ஒரே இடத்துல பேரப் போட்டுப் பார்க்குற வழி கிடைக்கல. கிடைச்சிருந்தாலும் நம்ம பேருக்கு அது உதவியிருக்குமாங்கறது வேற விஷயம். ஏன்னா அதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. பையன் பேர்ல ஒரு ழகரம் இருக்கு. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுல அது இசட், எச். ஆதார்ல ஒத்த எல். போலீஸ்காரர் எழுதினது ரெட்டை எல். இனிஷியல் முன்னாடி ஒரு இடத்துல, பின்னாடி ஒரு இடத்துல. இளவழகன், தமிழ்ச்செல்வன்னு ஆசையா தமிழ்ப் பேர் வச்ச அப்பா அம்மாவெல்லாம் கொஞ்சம் யோசிச்சுக்குங்க, புள்ள பேர எத்தனை விதமா இங்கிலீஷ்ல எழுதலாம்னு ஒரு தாள்ல எழுதிப் பார்த்து வைங்க.

குற்ற எண்ண வச்சு எஃப்.ஐ.ஆர். எடுத்தோம். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள்ள அத காவல்துறை தளத்துல ஏத்தணும்னு 2016 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. இணையத் தொடர்பு சரியா கிடைக்காத இடமா இருந்தா 72 மணி நேரம் வரைக்கும். பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் மாதிரி வழக்கு மட்டும் ஏத்த மாட்டாங்க. அது நியாயம்தான்.

எஃப்.ஐ.ஆர். தமிழ்ல இருந்துச்சு. தங்கச்சிக்குப் படிக்கத் தெரியாது, நான் படிச்சேன். நம்ம போலீஸ் எழுத்துல புகார் கொடுத்தவர் வாதி, மாட்டினவங்க எதிரி. எதிரி 1, எதிரி 2ன்னு நம்பர் போட்டிருக்கும். இவன் எதிரி 3. "எம் புள்ள யாருக்குண்ணே எதிரி"ன்னு கேட்டுச்சு. அதுவரைக்கும் அழாம உட்கார்ந்திருந்த பொம்பள. அது வழக்குக்கு எழுதுற வார்த்தைம்மான்னு சொன்னேன். அதுக்கு மேல என்ன சொல்றது.

அப்பா பேர் தப்பு, ஊர்ப் பேர் எங்க ஊருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊர். சேதி சொல்லணும்னு நெனச்சு யாராவது அந்த விலாசத்துக்குத் தேடி வந்திருந்தாலும் வேற ஊருக்குத்தான் போயிருப்பாங்க.

அப்புறம் இ-கோர்ட்ஸ். இது எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது. செல்போன்ல ஆப்பாவும் இருக்கு, பைசா கிடையாது. மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் எடுத்துட்டு, எஃப்.ஐ.ஆர். நம்பர வச்சுத் தேடுற இடத்துல ஸ்டேஷன், நம்பர், வருஷம் போடணும். வழக்கு அங்க ஏறியிருந்தா 16 எழுத்து கொண்ட சி.என்.ஆர். எண் ஒண்ணு கிடைக்கும். அது கிடைச்சுட்டா அப்புறம் பேரும் வேண்டாம் ஊரும் வேண்டாம், அத ஒண்ண போட்டாலே அடுத்த வாய்தா வரைக்கும் வந்துடும். குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகுறதுக்கு முன்னாடி பெரிய வழக்கு நம்பர் இருக்காது. ஆனா ஜாமீன் மனு போட்டிருந்தா அதுக்குத் தனி நம்பர் இருக்கும்.

இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஒரு தடவை படிச்சுட்டு, எங்கிட்ட போன நீட்டி, "மாமா, நீங்களும் பாருங்க"ன்னா. ஜாமீன் மனு முடிஞ்சு போயிருக்கு. ஜாமீன் கொடுத்தாச்சு. அன்னைக்கு தேதிக்கு பதினோரு நாளைக்கு முன்னாடி.

பதினோரு நாளா கோர்ட்டு வீட்டுக்குப் போன்னு சொன்ன புள்ள உள்ளயே கெடக்கான்.

உத்தரவையும் எடுத்தோம். பத்தாயிரம் ரூபாய்க்கு ரெண்டு ஜாமீன்தாரர், அதுல ஒருத்தர் ரத்த சொந்தம், வெளியில வந்ததும் தினமும் காலையில ஸ்டேஷன்ல கையெழுத்து. அந்த ஊர்ல அவனுக்கு ரத்த சொந்தம் ஏது? பக்கத்து மிஷின்ல தைக்கிறவன் ஒடிசாக்காரன்.

15100-ங்கற நம்பருக்குப் போன் பண்ணினோம். அது சட்டப்பணிகள் ஆணையத்தோட நம்பர், இலவசம். காவல்ல இருக்குற யாருக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் கொடுக்கணும்னு 1987-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுது. அங்கேந்து அந்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்கும், அங்கேந்து பையனுக்கு ஜாமீன் மனு போட்ட வக்கீலம்மாவுக்கும் போனோம். அந்தம்மா, "ஐயா, நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன் தெரியுமா, யாரோ இந்திக்காரர் எடுக்கறார்"ன்னாங்க. பையன் போன் ஸ்டேஷன்ல இருக்கு. அம்மா நம்பர் அவனுக்கு மனப்பாடமா தெரியாது. ஞாபகத்துல இருந்து சொன்னதுல ரெண்டு எண் இடம் மாறிப் போச்சு.

எனக்கு எங்க அண்ணன் வீட்டு லேண்ட்லைன் நம்பர் இன்னமும் ஞாபகம் இருக்கு, அது கட்டாகி பன்னெண்டு வருஷம் ஆச்சு. எம் மக செல் நம்பர் தெரியாது. இந்தப் பதிவப் படிச்சு முடிச்சதும் வீட்டு நம்பர் ரெண்டு மனப்பாடம் பண்ணிக்குங்க. புள்ளைங்களையும் பண்ணச் சொல்லுங்க.

இந்தக் கூத்து நம்ம பையனுக்கு மட்டும் நடக்குறதில்ல. 2022 டிசம்பர் 31 கணக்குப்படி நாட்டுல மொத்தம் 5,73,220 பேர் சிறையில இருந்தாங்க. அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. நாலுல மூணு பேர் இன்னும் குற்றவாளின்னு தீர்ப்பு ஆகாதவங்க. ஜாமீன் கிடைச்சும் வெளியில வராதவங்க நிறைய பேர் இருக்காங்கன்னுதான் 2023 ஜனவரி 31-ல உச்ச நீதிமன்றம் ஒரு ஏற்பாடு சொல்லுச்சு. ஜாமீன் உத்தரவ அன்னைக்கோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியா கைதிக்கு மின்னஞ்சல்ல அனுப்பணும். ஜாமீன் கிடைச்ச தேதிய சிறையில இ-பிரிசன்ஸ்ங்கற கம்ப்யூட்டர் பதிவுல ஏத்தணும். 7 நாள்ல ஆள் வெளியில போகலன்னா சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்லணும். காகிதத்துல எல்லாம் சரியா இருக்கு.

வக்கீலம்மா ஒரு பழைய கதை சொன்னாங்க. பீகார்ல ருதுல் ஷான்னு ஒருத்தர். 1968 ஜூன்ல செஷன்ஸ் கோர்ட்டு அவர விடுதலை பண்ணிடுச்சு. சிறையிலேந்து அவர் வெளியில வந்தது 1982 அக்டோபர்ல. பதினாலு வருஷம். குற்றம் இல்லன்னு எழுதின தாள் கோர்ட்டுல இருக்கு, ஆள் சிறையில இருக்கார். உச்ச நீதிமன்றம் 1983-ல அவருக்குக் கொடுக்கச் சொன்னது மொத்தம் 35,000 ரூபாய். ஒரு மாடு காணாமப் போனாகூட நாலு ஊருக்குச் சொல்லி அனுப்பித் தேடுற ஆளுங்க நாம.

மறுநாள் ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பினோம். தங்கச்சி ரேஷன் கார்டு, ஆதார், நான் வீட்டு வரி ரசீது, ஆதார், ரெண்டு பேருக்கும் போட்டோ. தெருவுல ரெண்டு பேர், "அவனுக்காக நீ எதுக்கு கையெழுத்துப் போடுற, நாளைக்கு ஓடிட்டான்னா பத்தாயிரம் நீ கட்டுவியா"ன்னு கேட்டாங்க. கேட்டது தப்பில்ல, கட்ட வேண்டி வரலாம். ஆனா பதினோரு வயசுலேந்து எங்க வயல்ல வாய்க்கா தூர்த்து, நாத்துக்கட்டு தூக்கின பையன். குடிச்சது உண்மை, அங்க நின்னதும் உண்மை. கல்ல எடுத்தது இவனா இல்லையான்னு கோர்ட்டு பார்க்கட்டும். அதுக்குத்தானே கோர்ட்டு.

காலையில முதல்ல கிளைச்சிறைக்குப் போய் மனுப் போட்டோம். ஜெயில்ல ஆளப் பார்க்குறதுக்கு மனுன்னுதான் பேர். இணையத்துலயே பதிவு பண்ற இ-முலாகாத்னு ஒண்ணும் இருக்கு. நாங்க வாசல்லயே எழுதிக் கொடுத்தோம். பேரச் சொன்னா வார்டர் பதிவேட்டப் புரட்டிட்டு அப்படி ஆளே இல்லங்கறார். திரும்பவும் அந்த ழகரம். குற்ற எண்ணச் சொன்னதும் விரல் போய் நேரா நின்னுச்சு. அந்தப் பதிவேட்டுல அங்க அடையாளம் எழுதுற இடம் இருக்கு. "இடது கை முட்டிக்குக் கீழ மச்சம்?"னு கேட்டார். "ஆமாங்கய்யா, அரிவாள் பட்ட தழும்பும் இருக்கும்"னுச்சு தங்கச்சி. அதுவும் எழுதியிருந்துச்சு.

கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தான். ஆள் இளைச்சிருந்தான். அம்மாவப் பார்த்ததும் முதல்ல பேசல. அப்புறம், "நீ வரமாட்டேன்னுட்டியாம்ல"ன்னான். யாரும் அப்படிச் சொல்லல. ஜாமீன் கிடைச்சு இத்தனை நாளாச்சு, யாரும் வரல, அப்ப வீட்டுல கைய விட்டுட்டாங்கன்னு அவனா முடிவு கட்டிக்கிட்டான். கூட இருந்தவங்களும், எங்க வீட்டுலயும் அப்படித்தான்டான்னு சொல்லியிருக்காங்க. அவங்கள்ல எத்தனை பேர் வீட்டுக்கு உண்மையிலயே தெரியுமோ. தங்கச்சி ஒண்ணும் பேசாம அழுதுச்சு. நான்தான், "டேய், உங்கம்மாவுக்குத் தெரிஞ்சதே முந்தாநேத்துடா"ன்னு கத்தினேன். அங்க எல்லாரும் கத்தித்தான் பேசணும், அம்புட்டு இரைச்சல்.

கோர்ட்டுல ஜாமீன் பத்திரம் எழுதி, சரிபார்த்து, உத்தரவு சிறைக்குப் போறதுக்குள்ள லாக்கப் நேரம் தாண்டிடுச்சு. மறுநாள் காலையிலதான் விட்டாங்க. ராத்திரி பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உட்கார்ந்தே விடிய வச்சோம்.

ஊருக்கு வந்ததுலேந்து எங்கிட்ட வேற வேலையும் வருது. மாப்பிள்ளை பார்க்குற வீட்டுக்காரங்க, "அந்த ஆப்புல இந்தப் பையன் பேரப் போட்டுப் பாருங்களேன்"னு வர்றாங்க. பார்க்க மாட்டேன்னு சொல்லிட்டேன். எந்தப் பேர் யாரு பேருன்னே தெரியாது, ஒரே பேர்ல நம்ம ஒன்றியத்துலயே பத்து பேர் இருப்பான். விடுதலை ஆனவன் பேரும் அதுலயே கெடக்கும். சென்னை உயர் நீதிமன்றத்துல இப்படி விடுதலையான ஒருத்தர், தீர்ப்புல இருக்குற தன் பேர இணையத்துல மறைக்கணும்னு வழக்குப் போட்டார். 2024 பிப்ரவரியில மறைக்கச் சொல்லி உத்தரவாச்சு, அந்த வருஷமே உச்ச நீதிமன்றம் அத நிறுத்தி வச்சுது. கோர்ட்டுப் பதிவ ஊர் பார்க்க முடியலன்னா ருதுல் ஷா மாதிரி ஆளுங்க உள்ளயே மறைஞ்சு போயிடுவாங்க. ஊர் முழுக்கப் பார்த்தா இந்தப் பையனுக்குப் பொண்ணு கிடைக்காது. எனக்கு இதுல ரெண்டு பக்கமும் மனசு போகுது. ஒண்ணு மட்டும் தெளிவு. பெத்தவங்களும் கட்டினவளும் தேடும்போது எந்தக் கதவும் மூடியிருக்கக் கூடாது. ஊர்வம்புக்குத் தேடுறதுக்கு நான் ஆள் இல்ல.

வேற வழியெல்லாம் அடைஞ்சா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, இது ஒருத்தரோட உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னு எழுதினா 30 நாள் இல்ல, 48 மணி நேரத்துல பதில் சொல்லணும். ஆளையே காட்டலன்னா உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக்காரங்க எது எதுக்கு சென்னை, எது மதுரைக் கிளைன்னு வக்கீலக் கேட்டுக்குங்க, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

பையன் இப்ப அதே ஊர்ல ரூம்ல இருக்கான். கம்பெனியில திரும்பச் சேர்த்துக்கல. தினமும் பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போடணும்னா எவன் வேலை கொடுப்பான். காலையில கையெழுத்துப் போட்டுட்டு சாயங்காலம் ஒரு பரோட்டாக் கடையில மாவு பிசையுறான். தினசரிக் கையெழுத்த வாரம் ஒரு தடவையா மாத்தச் சொல்லி வக்கீலம்மா தளர்வு மனு போட்டிருக்காங்க. அந்த 16 எழுத்து எண்ண தங்கச்சி எங்கிட்ட கேட்டு வாங்கி, மாசக் காலண்டர் பின்னாடி எழுதச் சொல்லி, வீட்டுல மாட்டியிருக்கு. படிக்கத் தெரியாது, ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அத கையில எடுத்துக்கிட்டு இ-சேவை மையத்துக்குப் போயிடுது. நேத்து தேதி மாறியிருக்கு, வர்ற 18-க்குப் போட்டிருக்காங்க. அன்னைக்குத்தான் எங்க வயல்ல உளுந்து பிடுங்குறதா இருந்தோம். ஆள் குறையும், 20-க்கு மாத்திக்கிட்டோம்.